புகையடுப்புக்கு நாலு சக்கரம்

எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் வாட்சப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. நான் தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ படத்துக்குப் பயந்துதான் நீக்காமல் இருக்கிறார்கள் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. போன மாதம் அந்தக் குழுவில் ஒரு செய்தி வந்தது. கமுந்திங்கில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் இனிமேல் டிராலிகளை முழுதாகச் செய்து அனுப்பப் போவதில்லையாம். பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்பார்களாம். வாங்குகிறவர்களே வீட்டில் உட்கார்ந்து முடுக்கிக்கொள்ள வேண்டுமாம். அந்தச் செய்தியைப் போட்ட கையோடு, என் பழைய பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் கேட்டாள்: "பிலோ அக்கா, நீங்க செஞ்சதுலயே ரொம்பக் கஷ்டமான டிராலி எதுக்கா?"

ஆஸ்பத்திரிக்குச் செய்த படுக்கை வண்டியாக இருக்கும் என்றாள் ஒருத்தி. விமான நிலையத்துக்குச் செய்தது என்றாள் இன்னொருத்தி. "எங்க வீட்டுப் பின்கட்டுல நிக்கிறது" என்று நான் பதில் போட்டேன். யாரும் நம்பவில்லை. குரல் பதிவில் விளக்கிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தால், என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து "அப்படி இல்ல, அப்படி இல்ல" என்று குறுக்கே விழுந்துகொண்டே இருந்தார். அதனால் எழுதிவிடுகிறேன். எழுத்தில் அவரால் குறுக்கே பேச முடியாது.

என் பெயர் பிலோமினா. மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் டிராலி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதலில் நட்டு முடுக்கினேன். பிறகு சக்கரத்துக்கு கிரீஸ் வைத்தேன். ஆண்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு உடைந்த இரும்பில் ஒட்டிப் பழகினேன். ஒருநாள் என் ஒட்டு நேராக வந்திருப்பதைப் பார்த்து, அதைச் செய்தது யார் என்று விசாரணை வந்தது. செய்தவர்கள் என்று மூன்று ஆண்கள் முன்வந்தார்கள். மறுபடி செய்து காட்டச் சொன்னதும் மூவரும் பின்வாங்கினார்கள். அப்படித்தான் நான் வெல்டிங் பிரிவுக்குப் போனேன். என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் சூப்பர்வைசர் மிஸ்டர் ஓங். வெள்ளைச் சட்டைதான் போடுவார். அவருக்குத் தமிழில் தெரிந்தது மூன்றே: "சாப்பிட்டாச்சா", "சரி இல்லை", "மறுபடி". இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் எங்களை அத்தனை வருடமும் நடத்தினார்.

டிராலி ஒன்று முடிந்ததும் அவரிடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர் அதன்மேல் ஒரு பழைய சீன நாளிதழை விரிப்பார். ஏறிச் சம்மணம் போட்டு உட்காருவார். பால் விடாத கோப்பி-ஓ நிரம்பிய கோப்பையைச் சாசரோடு கையில் வாங்கிக்கொள்வார். கோப்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு கையை அசைப்பார். டிராலியைச் செய்தவர்தான் தள்ள வேண்டும். பொட்டலம் கட்டும் இடத்திலிருந்து புறப்பட்டு, சரிவில் இறங்கி, லோங்காங் என்கிற சாக்கடைமேல் போட்ட இரும்பு மூடியைத் தாண்டி, எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கு வர வேண்டும். போகிற வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தத்தைக் கேட்பார். பார்ப்பதற்கு ஏதோ சின்ன ஊர்வலம் மாதிரி இருக்கும்.

கோப்பி சிந்தினால் அவர் திட்டவே மாட்டார். இறங்கிப் போய்ச் சட்டையைக் கழற்றி அலசுவார். பிழிந்து, ஈரத்தோடு மறுபடி போட்டுக்கொள்வார். அப்புறம் அந்த டிராலியைச் செய்தவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். சட்டை காயும்வரை நிற்பார். ஒரு வார்த்தை இருக்காது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருக்கும்.

ஒருமுறை ஈமச்சடங்குச் சங்கம் ஒன்றிலிருந்து சவப்பெட்டி வைக்கும் தள்ளுவண்டி கேட்டிருந்தார்கள். நான்தான் செய்தேன். முடித்துக் கொண்டுபோய் நிறுத்தியதும், மிஸ்டர் ஓங் நாளிதழைக் கையில் எடுத்தார், வண்டியைப் பார்த்தார், நாளிதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சீனர்கள் நம்பிக்கைப்படி அதில் ஏறி உட்காருவது ஆகாது. கோப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. யார் உட்காருவது என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. மாதாவை நினைத்துக்கொண்டு, கோப்பியைக் கையில் வாங்கி, நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நான் செய்த வண்டியில் நான் உட்காராமல் வேறு யார் உட்காருவார்கள்? அவரே என்னை வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது வழிநெடுகப் பெண்கள் சிலுவை போட்டார்கள். ஒரு மலாய்க்கார அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோப்பி ஒரு துளி சிந்தவில்லை. இறங்கியதும் மிஸ்டர் ஓங் என்னைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்றார். அது பாராட்டு. அடுத்த வாரத்திலிருந்து சக்கரப் பிரிவு முழுவதும் என் பொறுப்பில் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். என் கையால் வெளியே போன எந்த வண்டியும் தானாக ஓடவும் இல்லை, குடைசாயவும் இல்லை.

இப்போது என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு வருகிறேன். தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு யூடியூபில் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் இறைச்சியைப் புகையில் வாட்டுவதைப் பார்க்கத் தொடங்கினார். காலையில் தொடங்கினால் சாயங்காலம்வரை பார்ப்பார். அந்த இறைச்சி வேகுவதற்கும் அவ்வளவு நேரம் ஆகுமாம். இந்தச் சமயம் பார்த்து, ஈப்போவில் மேல்நாட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அவருடைய நண்பர் கடையை மூடினார். கடையில் இருந்த பெரிய புகையடுப்பை, அதாவது ஸ்மோக்கரை, இவருக்குக் கொடுத்துவிட்டார். நீளமான இரும்புப் பீப்பாய், ஒரு பக்கம் விறகு போடும் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி, அடியில் நாலு குட்டைக் கால்கள். பார்க்கத் தண்டவாளம் தொலைத்த ரயில் எஞ்சின் மாதிரி இருந்தது. லாரியிலிருந்து நாலு பேர் முனகிக்கொண்டே இறக்கி, பின்கட்டில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிப் போனார்கள்.

எங்கள் ஊரில் மழைக்கு நேரம் காலம் தெரியாது. முதல் தடவை அவர் கோழியை உள்ளே வைத்துப் புகை போட்ட அன்று நடுப்பகலிலேயே கொட்ட ஆரம்பித்தது. இரும்பு குளிர்ந்துவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று, பூப்போட்ட என் குடையை ஸ்மோக்கருக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். குடை ஒன்றுதான் இருந்தது. கோழி நன்றாகவே வந்தது. அவருக்குத்தான் காய்ச்சல்.

"இதுக்கு அடியில சக்கரம் வெச்சாத்தான் சரியா வரும் பிலோ. மழை வந்தா போர்ட்டிகோவுக்குத் தள்ளிட்டுப் போலாம்" என்றார் கஷாயம் குடித்துக்கொண்டே.

"சரிங்க, நான் செஞ்சு தரேன்."

"நீ எதுக்கு? ஒரு பலகை, நாலு சக்கரம். இதுக்கெல்லாம் ஆள் வேணுமா?"

வாழ்நாள் முழுக்கச் சக்கரம் மாட்டியவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படிச் சொல்கிறார். நான் உள்ளே போய்க் கீரை ஆய்ந்தேன்.

சாமான் ஏற்றும் பழைய மரத்தட்டு ஒன்றை அவர் எங்கிருந்தோ எடுத்து வந்தார். மகள் ஈப்போவுக்கு வேலை மாறிப் போனபோது விட்டுப்போன சுழல் நாற்காலியைக் கவிழ்த்து, சக்கரங்களைப் பிடுங்கி, மரத்தட்டின் அடியில் ஆணி அடித்தார். பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து ஸ்மோக்கரைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். சக்கரங்கள் புல்லுக்குள் புதைந்து காணாமல் போயின. நாற்காலி ஒரு மனுஷிக்காகச் செய்தது. ரயில் எஞ்சினுக்குச் செய்ததல்ல. மறுநாள் அவர் விறகு மூட்டியபோது, பெட்டியிலிருந்து தணல் விழுந்து பலகை பற்றிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்காமல் மூக்கை விரித்து மோந்து பார்த்து, "இன்னைக்குப் புகை சூப்பரா வருதுல்ல?" என்றார். நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். அதற்குப் பிறகு அந்த வேலை பேச்சில்லாமல் என் கைக்கு வந்தது.

இதற்குள் பக்கத்து வீட்டு விவகாரம் வேறு சேர்ந்துகொண்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்களுடையது வரிசை வீடுகளில் ஓர வீடு. பக்கத்துச் சுவர் சரோஜா அக்காவுடையது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர். நான் ஷிப்டு வேலைக்குப் போன காலத்தில் என் மகள் சாப்பிட்டது அவர் வீட்டில், தூங்கியது அவர் வீட்டில். அவர் வீட்டுச் சாவி எங்கள் ஆணியிலும் எங்கள் வீட்டுச் சாவி அவர் ஆணியிலும் தொங்கும். அவர் புரட்டாசி மாதம் முழுவதும் விரதம். ஒரு சனிக்கிழமை உறவெல்லாம் வரவழைத்து, வீட்டு முன்னால் ரோட்டில் கூடாரம் போட்டு, பெருமாளுக்குப் படையலிட்டு, எல்லாருக்கும் இலை போடுவார். புரட்டாசி பிறந்ததும் வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"பிலோமினா, உங்க வீட்டுப் புகை எங்க வீட்டுக்குள்ள வருதுலா. கோயில் ஐயரைக் கேட்டேன். வாசம் தானா வந்தா விரதத்துக்குக் குத்தமில்லையாம். அத ரசிச்சாத்தான் குத்தமாம்."

"அப்ப உங்களுக்குப் பரவாயில்லையா அக்கா?"

"எனக்குப் பரவாயில்ல. இவர பாரு."

பார்த்தேன். அக்காவின் கணவர் முத்தையா அண்ணே, வேலியில் இரண்டு கையையும் ஊன்றி, கண்ணை மூடி, ஏதோ தியானத்தில் இருப்பவர்போல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஸ்மோக்கர் மழைக்கு மட்டும் நகர்ந்தால் போதாது. காற்றுக்கும் நகர வேண்டும். அடிக்கடி நகர வேண்டும், சுலபமாக நகர வேண்டும். உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே நகர வேண்டும். ஆஸ்பத்திரி நோயாளிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்தேன். எல் வடிவ இரும்பு வாங்கி வந்தேன். ஸ்மோக்கரின் கால்கள் நிற்கும் அகலத்தைவிடச் சட்டத்தை இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலமாக வைத்தேன். மேலே கனம் இருந்தால் கீழே அகலம் வேண்டும். உயரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். மூலைகளை முதலில் பொட்டுப் பொட்டாக மட்டும் ஒட்டினேன். பிறகு ஒரு நூலை எடுத்து, எதிரெதிர் மூலைக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தேன். இரண்டு குறுக்கும் ஒரே நீளமாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் கோணவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் விரல் கனம் கூடுதலாக இருந்தது. அந்த மூலையைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் முழு ஒட்டு போட்டேன். அவசரப்பட்டு முதலிலேயே ஒட்டிவிட்டால், சட்டம் ஆயுசுக்கும் கோணலாக நடக்கும்.

சக்கரம் வாங்க நானே கடைக்குப் போனேன். லோங்காங் மூடியில் இருக்கும் இடைவெளியில் மாட்டாத அளவுக்குப் பெரிய சக்கரம். பிளாஸ்டிக் கூடாது, சூட்டில் உருகும். நடுவில் இரும்பு, சுற்றிலும் கெட்டி ரப்பர். விறகுப் பெட்டிப் பக்கம் கனம் அதிகம். அங்கே திரும்பாத சக்கரம் இரண்டு. மறுமுனையில் எந்தப் பக்கமும் சுழலும் சக்கரம் இரண்டு, இரண்டிலும் காலால் அமுக்கும் பிரேக். தள்ளும் கைப்பிடிக்கு மரக்கட்டை, புகைபோக்கி இல்லாத பக்கமாக, இடுப்பு உயரத்தில். ஸ்மோக்கரின் கால் வழுக்காமல் இருக்க நாலு மூலையிலும் இரும்பில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒட்டினேன்.

"பிரேக் எதுக்கு ரெண்டு? நம்ம பின்கட்டு மேசை மாதிரி சமமாத்தானே இருக்கு?" என்றார் இவர்.

"பஸ்ஸுல பிரேக் எதுக்கு வெச்சிருந்தாங்க?"

"அதுல ஆளுங்க இருந்தாங்க."

"இதுலயும் ஆளு உக்காரப் போறாரு. ஏறுங்க."

பழைய நாளிதழை விரித்து அவரை உட்கார வைத்தேன். கோப்பி-ஓவை விளிம்புவரை ஊற்றிக் கையில் கொடுத்தேன். பனியனும் கைலியுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பின்கட்டிலிருந்து பக்கவாட்டுப் புல்தரை வழியாக, லோங்காங் மூடியைத் தாண்டி, முன்பக்கப் போர்ட்டிகோவரை தள்ளிக்கொண்டு போனேன். சக்கரங்களில் ஒரு முனகல் இல்லை. முத்தையா அண்ணே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். போர்ட்டிகோவில் நிறுத்திக் கோப்பையைப் பார்த்தால் பாதிதான் இருந்தது.

"எங்க சிந்துச்சு?"

"சிந்தல. வழியில குடிச்சிட்டேன். நல்லா சவுகரியமா இருந்துச்சு பிலோ."

மறுபடி ஊற்றி மறுபடி தள்ளினேன், வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு. ஒரு துளி சிந்தவில்லை. அன்று சாயங்காலம் ஆட்களைக் கூப்பிட்டு ஸ்மோக்கரைத் தூக்கி மேலே வைத்தோம். ஒற்றைக் கையால் தள்ளினேன், நகர்ந்தது. நான் செய்ததிலேயே நல்ல வண்டி என்று அன்று எனக்குப் பட்டது.

இனி அந்தச் சனிக்கிழமை.

தன் பழைய பஸ் டிரைவர் நண்பர்களுக்கு ஆட்டுத்தொடை புகைபோட்டுத் தருவதாக இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எந்த நாள் என்று என்னிடம் சொன்னதே வெள்ளிக்கிழமைதான். மறுநாள் சனிக்கிழமை, சரோஜா அக்காவின் படையல் நாள். நாளை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். மசாலா தடவி ஊற வைத்தாயிற்று என்றார். வேறு வழியில்லாமல் நானே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு ஏற்பாடு சொன்னார்: "வாசம் இந்தப் பக்கம் வந்தா நான் கரண்டியால தட்ட அடிப்பேன். உடனே வண்டிய நகர்த்தணும். சொந்தக்காரங்க முன்னால என்னைத் தலைகுனிய வெச்சிடாத பிலோமினா. எங்க சித்தி வாராங்க. அவங்க வெங்காயம் வெட்டின கத்திய தொட்டாலே குளிக்கிறவங்க."

காலையிலேயே இவர் வேலையைத் தொடங்கினார். புகை கண்ணில் படாமல் இருக்க மகளின் நீச்சல் கண்ணாடி. மூக்கை மறைத்து ஒரு துண்டு. மழைக்கு முன்னெச்சரிக்கையாகப் பழைய மழைக்கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் கையுறை. பக்கத்து வீட்டில் பெருமாள் பாட்டு. அடிக்கொருதரம் அங்கிருந்து 'டங் டங்' என்று தட்டுச் சத்தம் கேட்கும். இவர் வண்டியை இந்த மூலைக்குத் தள்ளுவார். காற்று மாறும். 'டங் டங்.' அந்த மூலைக்குத் தள்ளுவார். ஒரு கட்டத்தில் பூஜை மணி அடித்ததற்கும் வண்டியை நகர்த்தினார்.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. படையல் முடிந்து, கூடாரத்தில் இலை போட்டு, பாயசம்வரை வந்துவிட்டார்கள். அப்போதுதான் வானம் கறுத்தது. பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியதும் இவர் வண்டியை முன்பக்கப் போர்ட்டிகோவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். நண்பர்கள் வருவார்கள் என்று வெளிக்கதவைத் திறந்து வைத்திருந்தோம். நான் கூடத்தில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக, எங்கள் ஸ்மோக்கர் நிதானமாக வெளியே போவது தெரிந்தது.

முதலில் இவர்தான் தள்ளுகிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் இவர் போர்ட்டிகோவில் எனக்கு முதுகைக் காட்டி நின்று மழைக்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க! வண்டி!"

போர்ட்டிகோ தரை தண்ணீர் வடிவதற்காக வாசலைப் பார்த்துச் சரிவாக இருக்கும். வண்டி அதில் இறங்கி, லோங்காங் மூடியைச் சத்தமில்லாமல் தாண்டி, ரோட்டுக்குப் போனது. ரோடு சரோஜா அக்கா வீட்டுப் பக்கமாக இறக்கம். முன் சக்கரங்கள் இரண்டும் அழகாக இறக்கத்தின் பக்கம் திரும்ப, வண்டி ஒரு வளைவு போட்டுக் கூடாரத்தை நோக்கிப் போயிற்று. அந்தக் கனத்துக்கு அந்த வளைவில் குடைசாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. ஆடக்கூட இல்லை. உண்மையைச் சொன்னால், செருப்பில்லாமல் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், 'எப்படித் திரும்புது பாரு!' என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த கணமே அதற்கு எதிரே இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் உறவுக்கூட்டம் கண்ணில் பட்டது. சந்தோஷம் போய்விட்டது.

கூடாரத்துக்கு அருகில் ரோடு சமமாகும். வண்டி வேகம் குறைந்து, புகையை விட்டுக்கொண்டே, கல்யாணத்துக்கு வந்த பெரிய மனிதரைப்போல உள்ளே நுழைந்தது. ஓர நாற்காலியில் இருந்த முத்தையா அண்ணே எழுந்து கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார். அந்த நொடியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெளியே எடுக்க வழியில்லை. ஆட்டுத்தொடை வேகும் ஸ்மோக்கர் நடுவில்; சுற்றிலும் பெருமாள் விரதக்காரர்கள். பாயச வாளியோடு சரோஜா அக்கா சிலையாக நின்றார். என் மகளுக்குச் சோறூட்டிய வீடு. இன்றோடு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர், நீச்சல் கண்ணாடி, முகத்துண்டு, மழைக்கோட்டு, பூட்ஸ், கையுறை எல்லாவற்றோடும் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

சித்தி அவரைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். "அய்யய்யோ! கொசு மருந்து அடிக்க வந்துட்டானுங்கடி! இலைய மூடுங்க! மூக்கப் பொத்துங்க!" என்று அலறினார்.

கூடாரம் முழுவதும் ஒரே பரபரப்பு. இலையை மடித்தார்கள். பாயசத்தை மூடினார்கள். சேலைத் தலைப்பும் துண்டும் எல்லார் மூக்கிலும் ஏறின. டெங்கி வந்த தெருவில் எல்லாருக்கும் பழக்கமான காரியம்தானே. பொத்தாத மூக்கு அங்கே ஒன்றே ஒன்றுதான். அது முத்தையா அண்ணேயுடையது.

சரோஜா அக்கா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"ஆமா சித்தி, கொசு மருந்துதான். டெங்கி ஜாஸ்தியாம்லா" என்றார் சத்தமாக. பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏன் அண்ணே, சாப்பிடுற நேரத்துலயா வருவீங்க? மனுஷங்க உக்காந்திருக்கிறது தெரியல? எடுத்துட்டுப் போங்க!"

இவருக்கு எதுவும் விளங்கவில்லை. "சரோஜா, இது நம்ம..." என்று தொடங்கினார். நான் அவர் பூட்ஸை மிதித்தேன். "மன்னிச்சிருங்கம்மா" என்று முடித்தார்.

"நான் ஒரு கை பிடிக்கிறேன்" என்று முத்தையா அண்ணே கைப்பிடியை விடாமல் நின்றார்.

"நீங்க உக்காருங்க" என்றார் அக்கா.

கொட்டுகிற மழையில் இவரும் நானும் வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தோம். பின்னால் ஒரு பெரியவர் துண்டை லேசாக விலக்கிவிட்டுச் சொல்வது கேட்டது: "முன்னெல்லாம் மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்கும். இப்ப நல்ல மருந்தா போடுறாங்க போல. பசி எடுக்குது."

போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். இரண்டு பிரேக்கையும் கம்பியால் மேலே தூக்கிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு தட்டுச் சத்தத்துக்கும் காலால் அமுக்கி எடுக்க முட்டி வலித்ததாம். அதனால் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். மழை அவசரத்தில் செங்கல் பின்கட்டிலேயே நின்றுவிட்டது. நான் திட்டவில்லை. நனைந்த சேலையோடு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். தண்ணீர் சொட்டியது. அவர் மூன்று தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தானாகவே குனிந்து கம்பியை அவிழ்த்தார்.

மழை விட்டு நண்பர்கள் வந்தார்கள். ஆட்டுத்தொடை எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழும் பதத்தில் இருந்தது; எல்லாரும் இவரைத் தூக்கி வைத்துப் புகழ்ந்தார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஞாயிறு காலை பூசைக்குப் போய் வந்தபோது, சரோஜா அக்கா எங்கள் பின்கட்டில் நின்றிருந்தார். தன் வீட்டு ஆணியில் இருந்த எங்கள் வீட்டுச் சாவியால் திறந்துகொண்டு வந்திருக்கிறார். ஸ்மோக்கரின் கைப்பிடியை ஒரு விரலால் தள்ளி, இழுத்து, மறுபடி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"அக்கா, உங்கள பெருமாள் நாள்ல பொய் சொல்ல வெச்சிட்டோம்..."

"அத நானும் பெருமாளும் பேசித் தீத்துக்கிறோம். நீ நடுவுல வராத." இன்னொரு தரம் தள்ளினார். "இம்மாம் கனத்த இது எப்படி நகத்துது? நான் வருஷா வருஷம் சாம்பார் அண்டாவ தூக்கித் தூக்கி முதுகு போயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரி இவ்வளவு நாளா எனக்கு ஒன்னு செஞ்சு குடுக்கல."

நான் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்டாவின் அடிவட்டம் எவ்வளவு, நிரப்பினால் எவ்வளவு உயரம் வரும், அடுப்பிலிருந்து கூடாரம்வரை எத்தனை படி என்று கேட்டேன். அவர் கையை விரித்து விரித்துக் காட்டினார். உள்ளேயிருந்து இவர் எட்டிப் பார்த்து, "நான் வேணா தள்ளிப் பாத்துச் சொல்லவா?" என்றார்.

சரோஜா அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "பிலோமினா, என்னோடதுக்கு பிரேக்க வெல்டிங் போட்டு ஒட்டிடு. வண்டி நகரலன்னாலும் பரவாயில்ல" என்றார்.